திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு ஓடுற நேரத்துல படிக்க வேண்டாம். சாயங்காலம் பசியாறிட்டு, உட்கார்ந்து, நிதானமா படிங்க. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. தண்ணீர் பந்தல் எல்லாம் பிரிச்சாச்சு. கால் வலி இன்னும் போகல. அடுத்தது மாசி மகம். தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில்ல அம்மன் தெப்பத்துல ஏறிக் கடலுக்குப் போகும் நாள். அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைச் சொல்லிடணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. இப்ப சொல்லலைன்னா மறுபடியும் ஒரு வருஷம் போயிடும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயில்ல தொண்டூழியம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்ல விடியக்காலையில கடலோரமா நடப்பேன். லிட்டில் இந்தியாவுல மோட்டரை வெச்சிட்டு, வெல்ட் கீ பக்கம் இறங்கி, பெரி ஏறும் இடத்தைத் தாண்டி, அப்படியே எஸ்பிளனேட் வரைக்கும். பினாங்குல பிறந்து வளர்ந்தவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்லை. ஆனா நடந்து பார்த்தா, கார்ல போகும்போது தெரியாத எத்தனையோ தெரியுது.

பழைய பெரிய பெரிகள் இப்ப இல்லை. கார் ஏத்திட்டுப் போன அந்த ரெண்டு தட்டு பெரியில நின்னுகிட்டுதான் நான் சின்ன வயசுல கடலைப் பார்க்கக் கத்துக்கிட்டேன். 2023ல இருந்து புதுசு ஓடுது. மோட்டரும் ஆட்களும் மட்டும்தான். ஆனா அக்கரையில பட்டர்வொர்த் அப்படியேதான் இருக்கு. நடுவுல இருக்கிற தண்ணி மூணு கிலோமீட்டர் போலத்தான் இருக்கும்.

பெரி ஏறும் இடத்துக்குப் பக்கத்துல சியூ ஜெட்டி. தண்ணிக்கு மேல மரத்தூண்ல நிக்கிற சீனர் வீடுகள். சீனப் புத்தாண்டுக்கு ஒன்பதாம் நாள் அங்க கரும்பு கட்டி வெச்சுச் சாமி கும்பிடுவாங்க. நம்ம பொங்கல் கரும்பு காய்ஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், அங்க புதுக் கரும்பு வந்து நிக்கும். எனக்கு அதைப் பார்க்க எப்பவும் ஒரு சந்தோஷம். ஜெட்டி முனையில ஒரு ஆன்ட்டி காலையில ஊதுபத்தியைக் கையில பிடிச்சுக் கடலைப் பார்த்துக் கும்பிட்டுட்டு, உள்ளே போய்த் துணி காய வைப்பாங்க. ஒரு நிமிஷ வேலை. பார்க்கிற நமக்கும் மனசு நிறைஞ்சு போகும்.

அதுக்கு மேல, வானத்துல, கருடன்.

ஆமா, கருடன்தான். தலையும் நெஞ்சும் வெள்ளை, உடம்பு செம்பட்டை. புத்தகத்துல செம்பருந்துன்னு போட்டிருப்பாங்க. கும்பாபிஷேகத்தன்னைக்கு விமானத்துக்கு மேல குடத்தைத் தூக்கிட்டுச் சிவாச்சாரியார் நிக்கும்போது, ஆயிரம் பேர் கழுத்தை ஒடிச்சுக்கிட்டு வானத்தைப் பார்ப்போமே, அதே கருடன். "வந்துட்டார், வந்துட்டார்"னு கண்ணுல தண்ணி வர கும்பிடுவோமே, அவரேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாம தேடுற அவர், வெல்ட் கீ பக்கம் தினமும் காலையில வேலைக்கு வரார்.

அவருக்கு என்ன வேலைன்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். மீன் படகு திரும்புற நேரம் மேல வட்டம் போடுறார். சட்டுனு இறங்கி, தண்ணி மேல மிதக்கிற ஒரு செத்த மீனைக் கால்ல அள்ளிட்டுப் போறார். தண்ணி வத்தின சேத்துல ஒதுங்கிக் கிடக்கிற நண்டு, மீன், எது கிடைச்சாலும் எடுத்துக்குவார். கடலோரம் ஒதுங்குறதைச் சாப்பிட்டு வாழ்ற பறவை அது. நம்ம பக்கம் எல்லாக் கடலோரத்துலயும் உண்டு. லங்காவிங்கிற பேருகூட, ஹெலாங்னா பருந்து, காவின்னா செம்மண் நிறம், ரெண்டும் சேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. காவி நமக்கும் தெரிஞ்ச சொல்லுதான்.

அவர் எங்க சாப்பிடுறார்ங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வருவேன்.

இப்ப தண்ணி வத்தின நேரத்துல கரையில என்ன கிடக்குதுன்னு சொல்றேன். போத்தல், ஸ்ட்ரா, செருப்பு, மிதவைக் கட்டை, போலிஸ்டிரீன் டப்பா. இது எந்தக் கடலோர ஊர்லயும் இருக்கிறது. யாரு போட்டதுன்னு சொல்ல முடியாது. ஆனா இன்னொண்ணும் கிடக்கு. குங்குமம் தடவின எலுமிச்சம்பழம். ரெண்டா வெட்டின பூசணிக்காய். சாமிக்குப் போட்ட பிளாஸ்டிக் மாலை. கற்பூர டப்பா. காலியான பால் பாக்கெட்டு. பன்னீர் போத்தல். சிவப்புத் துணி. ஜரிகை வெச்ச சேலை. தலை உடைஞ்ச பிள்ளையார். இதெல்லாம் யாரு போட்டதுன்னு யாரும் கேக்கவே வேண்டாம். பார்த்த உடனே தெரியும்.

எலுமிச்சம்பழத்தைப் பார்த்தா ஓட வர்றவங்க சுத்திப் போறாங்க. யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு பயம். குப்பை அள்ள வர்ற தொழிலாளிகளும் அதைத் தொட யோசிக்கிறாங்க. நாம பக்தியா விட்டது, மத்தவங்களுக்குப் பயமா போய்ச் சேருது.

போன வாரம் நடந்தது இதுதான், இதுக்காகத்தான் இந்தப் பதிவு. தஞ்சோங் தோக்கோங் தாண்டி, தஞ்சோங் பூங்கா பக்கம் பாறைங்க இருக்கிற இடத்துல ஒரு மலாய்க்கார பாக்சிக் தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தார். அவருக்குப் பக்கத்துல உயரமான ஒரு பாறை. அது மேல ஒரு சாமி படம், நிமிர்த்தி, சாய்ச்சு வெச்சிருந்தது. வள்ளி தெய்வானையோட முருகன். கண்ணாடி விரிசல் விட்டிருந்துச்சு. நைலான் மாலை இன்னும் ஃபிரேமைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. காகிதம் தண்ணியில ஊறி, முருகன் முகம் பாதி அழிஞ்சு போச்சு.

நான் நின்னுட்டேன். பாக்சிக் என்னைப் பார்த்தார், என் நெத்தியைப் பார்த்தார். அவரே பேச்சை ஆரம்பிச்சார். "காலையில தண்ணி ஓரமா பாறை இடுக்குல கிடந்துச்சு. பிளாஸ்டிக் பைக்குள்ள முடிச்சுப் போட்டு இருந்துச்சு. உங்க சாமிதானே? யாராவது மிதிச்சிடுவாங்கன்னு மேல எடுத்து வெச்சேன். தப்பு இல்லையே?"ன்னு கேட்டார்.

தப்பு இல்லையேன்னு அவர் என்கிட்ட கேக்கிறார்!

எனக்குப் பதில் வரல. "தெரிமா காசே, பாக்சிக்"னு மட்டும் சொன்னேன். படத்தைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். தைப்பூசத்தன்னைக்கு 513 படி ஏறி யாரைப் பார்த்து அழுதோமோ, அவரை ஒரு வாரம்கூட ஆகல, பைக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டுத் தண்ணியில எறிஞ்சிருக்கோம். அவரை எடுத்து மரியாதையா உட்கார வெச்சது நம்ம ஆளு இல்லை. மீன் பிடிக்க வந்த ஒரு மனுஷன்.

யாரையும் கேவலப்படுத்த இதைச் சொல்லல. அந்தப் படத்தைப் போட்டவங்க கெட்டவங்க இல்லை, அது எனக்குத் தெரியும். குப்பைத் தொட்டியில போட மனசு வராமத்தான் கடலுக்குக் கொண்டு வந்திருப்பாங்க. பயபக்தி இல்லாதவங்க நேரா தொட்டியில போட்டுட்டுப் போயிருப்பாங்களே. கடல் வரைக்கும் கார் ஓட்டி வந்தது பக்திதான். அப்ப தப்பு எங்க நடந்துச்சுன்னு யோசிச்சேன்.

நம்ம பாட்டிங்க சொல்லிக் கொடுத்த விதி ஒண்ணு உண்டு. சாமிக்குப் போட்டதை, பூசையில வெச்சதை, கால் படாத இடத்துல போடணும். ஓடுற தண்ணியில விடு, இல்லைன்னா மரத்தடியில, செடிக்கு அடியில போடு. நல்ல விதி. எந்தக் குறையும் இல்லாத விதி. ஏன்னா அன்னைக்குப் பூசையில இருந்தது என்ன? பூ. வாழைநார். வெத்தலை. மஞ்சள். மண்ணுல பிடிச்ச பிள்ளையார். மண் அகல். பருத்தித் திரி. வாழை இலை. எதைத் தண்ணியில விட்டாலும் கொஞ்ச நாள்ல தண்ணியாவோ மண்ணாவோ ஆயிடும். மீன் தின்னும். மரம் தின்னும்.

இன்னைக்குப் பூசை அறையில என்ன இருக்குன்னு எழுந்து போய்ப் பாருங்க. மாலை பிளாஸ்டிக். கட்டின கயிறு நைலான். பிள்ளையார் பிளாஸ்டர், அதுக்கு மேல பெயின்ட். விளக்கு பேட்டரி. படத்துக்குக் கண்ணாடி, அலுமினியச் சட்டம், பின்னாடி அட்டை, அதுல ஆணி. சாமி துணி பாலியெஸ்டர். எல்லாத்தையும் கொண்டு வர்றதுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. விதி மாறல. விதிக்குள்ள இருந்த பொருள் மாறிடுச்சு. நாம அதைக் கவனிக்கல. பாட்டி சொன்னபடியே செய்றோம்னு நினைச்சுக்கிட்டு, பாட்டி கனவுலகூடச் செய்யாத ஒண்ணைச் செய்துகிட்டு இருக்கோம்.

கடல் எடுத்துக்கும்னு நினைக்கிறோம். எடுத்துக்காது. பினாங்குக் கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை இறங்கும். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவுல ஒரு ஒடுக்கமான வழி, அதுக்குள்ள தண்ணி போறதும் வர்றதுமா இருக்கும். காலையில நாம எறிஞ்சது சாயங்காலம் வேற ஒருத்தர் காலடியில வந்து நிக்கும். அக்கரைக்குப் போகலைன்னா இக்கரைக்கே திரும்பி வரும். ஏத்தத்துல கும்பிட்டு விட்டதை, வத்தத்துல வந்து பார்க்க நாம யாரும் அங்க இருக்கிறதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க என் கதை ஒண்ணைச் சொல்லியாகணும். சொல்லாம மத்தவங்களுக்கு மட்டும் புத்தி சொன்னா அது நியாயம் இல்லை.

அம்மா இறந்து அஸ்தி கரைக்கப் படகுல போனோம். மண் கலயம், சிவப்புத் துணி, பூ, பால், நவதானியம். எல்லாம் ஒரு பேரங்காடி பிளாஸ்டிக் பைக்குள்ள. படகு ஆடுது, எனக்கு அழுகை, கை நடுங்குது. பெரியவர் சொன்னபடி செஞ்சேன். கலயத்தை விட்டேன். பூவை விட்டேன். பால் ஊத்தினேன். கையில பை மட்டும் மிஞ்சி நின்னுச்சு. உள்ள கொஞ்சம் சாம்பல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அம்மா சாம்பல். அதை மடிச்சு பாக்கெட்டுல வைக்க மனசு வரல. வீட்டுக்குக் கொண்டு போகவும் பயம். அதையும் தண்ணியில விட்டேன்.

"திரும்பிப் பார்க்காதே"ன்னு சொன்னாங்க. நமக்கு அது முறை. கரைச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம வரணும். போன உயிர் நம்ம பாசத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு வெச்ச முறை. நான் அன்னைக்கு அதை மீறிட்டேன். மகன் மனசு, திரும்பிப் பார்த்துட்டேன். பூ ஏற்கெனவே பிரிஞ்சு போயிருந்துச்சு. கலயம் முங்கிடுச்சு. அந்தப் பை மட்டும் காத்து நிறைஞ்சு, உப்பிக்கிட்டு, படகுக்குப் பின்னாடியே வந்துச்சு. கடை பேரு நல்லாத் தெரிஞ்சது. அம்மாவுக்கு நான் கடைசியாக் கொடுத்தது அதுதான்.

வருஷம் பல ஆச்சு. அது இன்னும் எங்கேயோ இருக்கு. அம்மா கடல்ல கலந்துட்டாங்க. அந்தப் பை கலக்கல.

அதனாலதான் சொல்றேன், இது கெட்டவங்க செய்ற தப்பு இல்லை. துக்கத்துலயும் பக்தியிலயும் அவசரத்துலயும் நல்லவங்க செய்ற தப்பு. திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொன்ன முறை மனசுக்குச் சொன்னது. கையில இருக்கிற பைக்குச் சொன்னது இல்லை.

இதைக் கோயில்ல பேசினப்ப மூணு விதமான பதில் வந்துச்சு. மூணுக்கும் என் கருத்தைச் சொல்லிடுறேன்.

முதல் பதில்: "கடல் குப்பையில நம்ம பங்கு எவ்வளவு? கடைங்க, தொழிற்சாலைங்க, சுற்றுப்பயணிங்க போடுறதை விட்டுட்டு நம்ம மாலையை ஏன் எண்ணுறீங்க?" நியாயமான கேள்விதான். நம்ம பங்கு சின்னதுதான்னு நானும் நினைக்கிறேன். ஆனா ஒரு மினரல் வாட்டர் போத்தல் கரையில கிடந்தா அது வெறும் போத்தல். சரஸ்வதி படம் கிடந்தா, அது நம்ம சரஸ்வதி. ஊரு முழுக்கக் குப்பை போடட்டும், என் சாமி முகம் அந்தக் குப்பைக்குள்ள கிடக்கலாமா? அளவு எனக்கு முக்கியமா படல. அங்க கிடக்கிறது யாருங்கிறதுதான் உறுத்துது.

ரெண்டாவது பதில்: "சாமி பொருளை மறுசுழற்சித் தொட்டியில போடுறதா? பாவம் இல்லையா?" இதுதான் பல பேரைத் தடுக்குது. ஆனா நம்ம முறையே இதுக்கு வழி வெச்சிருக்கு. விநாயகர் சதுர்த்தி யோசிச்சுப் பாருங்க. களிமண் பிள்ளையாருக்குப் பூசை எல்லாம் செஞ்சு, மறுநாள் புனர்பூசை முடிச்சு, யதாஸ்தானம் பண்ணி, பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைக்கிறோம். சாமியை அவர் இடத்துக்கு வழி அனுப்பியாச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம் அது மண். மண்ணை மண்ணோட சேர்க்கிறோம். சாமியை வரவேற்கத் தெரிஞ்ச நம்ம சமயத்துக்கு, மரியாதையா வழி அனுப்பவும் தெரியும். வீட்டுல ஒரு படம் பழசாயிட்டா, விளக்கேத்தி, கற்பூரம் காட்டி, "இத்தனை வருஷம் வீட்டைப் பார்த்துக்கிட்டீங்க, போய் வாங்க"ன்னு மனசாரச் சொல்லி அனுப்புங்க. அதுக்கு அப்புறம் கையில இருக்கிறது காகிதமும் கண்ணாடியும். பாவம் எதுல இருக்குன்னு என்னைக் கேட்டா, வழி அனுப்பாமலே பைக்குள்ள முடிச்சுப் போட்டு எறியுறதுலதான் இருக்கு.

மூணாவது பதில், எங்க கூட்டத்துலயே வந்தது: "கோயில் என்ன குப்பைத் தொட்டியா? அவங்கவங்க வீட்டுச் சாமானை அவங்கவங்க பார்த்துக்கட்டும்." இதைச் சொன்னவர் பல வருஷமா உழைக்கிறவர், அவர் கஷ்டம் எனக்குப் புரியும். காலையில கதவைத் திறந்தா அரசமரத்தடியில யாரோ இரவோட இரவா வெச்சிட்டுப் போன பழைய படங்க, உடைஞ்ச சிலைங்க. கூட்டி அள்ளுறது நாமதான். அவர் கோபம் சரி. ஆனா முடிவு சரியில்லைன்னு நினைக்கிறேன். மரத்தடியில வைக்கிறாங்க, கடல்ல எறியுறாங்கன்னா, அவங்களுக்கு வேற இடம் இல்லைன்னு அர்த்தம். சாமியை வீட்டுக்குக் கொண்டு வர வழி சொல்லித் தர்ற கோயில், சாமியை வழி அனுப்பவும் சொல்லித் தரணும். அது நம்ம கடமைக்குள்ள வரும்.

இன்னொண்ணு. கடலோரம் போகாதவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. தண்ணீர்மலையில பேஞ்ச மழை எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க? அங்க இருந்து வர்ற ஆயர் தெர்ஜூன் ஆறு ஊருக்குள்ள இறங்கி, சுங்கை பினாங்கோட சேர்ந்து, கடல்லதான் போய் விழுது. தைப்பூசத்துல ரதப் பாதை ஓரத்துல நாம விட்ட கப்பு, பால் பாக்கெட்டு, பந்தல்ல கொடுத்த ஸ்பூன், மழை ஒண்ணு வந்தா கால்வாய்க்குள்ள இறங்கிடும். அப்புறம் அதே ஆறு, அதே கடல். மலை மேல இருக்கிற முருகனுக்கும் கீழே இருக்கிற கடலுக்கும் நடுவுல ஒரு கால்வாய்தான் தூரம். 1894ல இருந்து வெள்ளி ரதம் ஓடுற ஊரு இது. ரதம் போன பின்னாடி பாதையைப் பார்க்கிறது ரதத்தைப் பார்க்கிற அளவுக்கு முக்கியம்னு எனக்குப் படுது.

சரி, குறை சொல்லியாச்சு. என்ன செய்யலாம்னும் சொல்லணும் இல்லையா? நான் வீட்டுல செஞ்சு பார்த்ததைத்தான் சொல்றேன். கஷ்டமான வேலை ஒண்ணும் இல்லை.

பூ, வெத்தலை, வாழைநார் மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் நார்: வீட்டுப் பூந்தொட்டியில, செடிக்கு அடியில மண்ணைக் கிளறிப் போட்டு மூடுங்க. கால் படாது. கொஞ்ச நாள்ல மண்ணாயிடும். அடுக்குமாடி வீடுன்னா ஒரு பெரிய தொட்டி போதும். நம்ம வீட்டுத் துளசி நம்ம சாமி பூவைச் சாப்பிட்டு வளரும், அதுல என்ன குறை?

பழைய படம்: வழி அனுப்பின பின்னாடி சட்டத்தைப் பிரிங்க. கண்ணாடி தனி, அலுமினியம் தனி. அதுல சாமி இல்லை, அது மறுசுழற்சிக்குப் போகலாம். கண்ணாடியை மட்டும் நாளிதழ்ல நல்லாச் சுத்துங்க, எடுக்கிற தொழிலாளி கை கிழியாம. வெறும் காகிதப் படம்னா தண்ணியில ஊற வெச்சுக் கூழாக்கி அதே பூந்தொட்டி மண்ணுல சேருங்க. பிளாஸ்டிக் பூசின படம்னா அது மண்ணாகாது, அதை ஏமாத்த முடியாது. அதுக்குத்தான் கோயில் கை கொடுக்கணும்னு சொல்றேன்.

காலண்டர், கல்யாணப் பத்திரிகை: வருஷா வருஷம் கடைக்குக் கடை சாமி படம் போட்ட காலண்டர் கொடுக்கிறாங்க. நாலு வாங்கி மூணைச் சுருட்டி வைக்கிறோம். ஒண்ணு போதும், வேண்டாம்னு சொல்லுங்க. பத்திரிகை அடிக்கிறவங்க உள்பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் சுழி போட்டா போதாதா? பத்துப் பக்கத்துலயும் பிள்ளையார் வேணுமா?

புதுசா வாங்கும்போது: இதுதான் ரொம்ப முக்கியம். வாங்கும்போதே கேளுங்க, இதை ஒரு நாள் எப்படி வழி அனுப்பப் போறேன்? பதில் இல்லைன்னா வாங்காதீங்க. களிமண் பிள்ளையார் கரையும். பெயின்ட் அடிச்ச பிளாஸ்டர் கரையாது, கை கால் உடைஞ்சு மிதக்கும், நம்ம கண்ணு முன்னாலேயே.

அஸ்தி கரைக்கப் போறவங்க, மாசி மகத்துக்கு விளக்கு விடப் போறவங்க: பையைத் திருப்பிக் கொண்டு வாங்க. பூவை நாரோட விடுங்க, நைலான் நூலை உருவிட்டு விடுங்க. தட்டு இலையா இருக்கட்டும், போலிஸ்டிரீன் வேண்டாம். பையில சாம்பல் ஒட்டியிருந்தா கடல் தண்ணியில அலசி ஊத்திட்டு, மடிச்சு எடுத்துக்குங்க. அம்மா கோபிக்க மாட்டாங்க. இதை எனக்கு அன்னைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அதனாலதான் உங்களுக்குச் சொல்றேன்.

கோயில் நிர்வாகங்களுக்கும் பணிவோட ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு நாள், போகிக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய படங்களையும் உடைஞ்ச சிலைங்களையும் வாங்கிக்குங்க. குருக்கள் ஒரு சின்னப் பூசை செஞ்சு எல்லாத்தையும் சேர்த்து வழி அனுப்பட்டும். சட்டம், கண்ணாடியைப் பிரிக்க நாங்க தொண்டூழியர்கள் இருக்கோம். நான் முதல் ஆளா ஸ்க்ரூ டிரைவரோட வந்து நிக்கிறேன். நம்ம பிள்ளைங்களையும் கூப்பிடலாம். பள்ளிக்கூடத்துல பிளாஸ்டிக்குக்கு ஞெகிழின்னு அழகான தமிழ்ப் பேரு படிக்கிறாங்க, அதைக் கடல்ல போடக் கூடாதுன்னும் படிக்கிறாங்க. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோட வந்து, அப்பா போடுறதைப் பார்க்கிறாங்க. எதை நம்புவாங்க?

2009ல பினாங்குல வாரத்துக்கு ஒரு நாள் கடையில இலவசப் பிளாஸ்டிக் பை இல்லைன்னு ஆரம்பிச்சப்ப எவ்வளவு முணுமுணுத்தோம்! 2011ல தினமும்னு ஆச்சு. இப்ப கடைக்குப் போனா கை தானா துணிப் பையை எடுக்குது. நம்மால மாற முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. மாறியிருக்கோம். கடைக்கு மாறின கை கோயிலுக்கும் மாறும்.

அந்த முருகன் படம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து, மஞ்சள் தண்ணியில துடைச்சு, விளக்கேத்தி, கற்பூரம் காட்டினேன். என் வீட்டுச் சாமி இல்லை, யாரு வீட்டுச் சாமின்னும் தெரியாது. அந்தக் குடும்பம் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அவங்க வீட்டுல எத்தனை தேர்வு, எத்தனை பிரசவம், எத்தனை ஆஸ்பத்திரி ராத்திரி அந்தப் படத்துக்கு முன்னாடி கழிஞ்சிருக்கும்! அப்புறம் வழி அனுப்பிட்டு, சட்டத்தைப் பிரிச்சேன். காகிதம் இப்ப எங்க வீட்டு மல்லிகைச் செடிக்கு அடியில இருக்கு.

இந்த ஞாயிறும் வெல்ட் கீ பக்கம் போனேன். கருடன் இருந்தார். ரெண்டு சுத்து சுத்திட்டு, பெரிக்குப் பின்னாடி தண்ணி கலங்கின இடத்துல இறங்கினார். கால்ல என்ன எடுத்துட்டுப் போனார்னு எனக்குச் சரியாத் தெரியல. மீனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.

அடுத்த கும்பாபிஷேகத்துல நாம எல்லாரும் மேல பார்த்து அவரைத் தேடுவோம். அவர் அன்னைக்கு வரணும்னா, மத்த நாள்ல கீழே அவர் சாப்பிடுற இடம் சுத்தமா இருக்கணும்.

மாசி மகத்துல தெலுக் பஹாங்ல பார்ப்போம். நான் கரையில ஒரு பெரிய சாக்கோட நிப்பேன். காலிப் பையை என்கிட்ட கொடுத்துட்டு, அம்மனை நல்லாக் கும்பிட்டுட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை. ஓம் சக்தி.